யானைக்கவுனி: நின்ற பெயரும் விழுந்த பெயரும்

போன ஆவணியில் தாம்பரத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேச்சு எப்படியோ நகரச் சுவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. ரோம் போய்வந்திருந்த தோழர் ஒருவர் அங்கே பார்த்த பழைய கோட்டை வாசலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கடைசியில், "நம்மகிட்ட இப்படி ஒண்ணுகூட மிச்சமில்லையே, எல்லாத்தையும் இடிச்சுத் தின்னுட்டோம்" என்று அங்கலாய்த்தார். இன்னொருவர், "ஏன் இல்ல, யானைக்கவுனி இருக்கே" என்றார். "அது பேருதானேப்பா. வாசல் எங்க இருக்கு?" என்றார் முதலாமவர். எல்லோரும் சிரித்தோம். டீ வந்தது. பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

எனக்கு மட்டும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. வாசல் போய்ப் பெயர் மட்டும் நிற்கிறது என்பதைக் குறையாக ஏன் பார்க்க வேண்டும்? கல் தானாக நிற்கும், அதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. பெயர் அப்படியில்லை. தினமும் யாராவது ஒருவர் பஸ் கண்டக்டரிடம், ஆட்டோக்காரரிடம், பார்சல் ஆபீசில் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். அப்படியென்றால் இருநூற்றைம்பது வருஷமாக ஒரு ஊர் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது, எதைச் சொல்லாமல் விட்டது என்பது கல்லை விடக் கறாரான சாட்சியம். இந்தக் கட்டுரை அந்தச் சாட்சியத்தை வாசிக்கிற ஒரு முயற்சி. வரலாற்றாசிரியனுக்குரிய பயிற்சி எனக்கு இல்லை. தமிழ் எம்.ஏ. படித்தவன். பிரதிகளை வாசிக்கக் கற்றவன். ஊர்ப்பெயரும் பிரதிதான்.

முதலில் சுவர். இன்று நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் பகுதி கம்பெனிக் காலத்தில் கருப்பர் நகரம். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது கோட்டைக்கு வடக்கே ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்து வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகின. முற்றுகை முடிந்ததும் மிச்சம் மீதியிருந்ததையும் இடித்து அந்த இடத்தை வெட்டவெளியாக்கினார்கள். பீரங்கி தடையில்லாமல் சுட வேண்டும், அதற்காக. மக்கள் வடக்கே முத்தியாலுப்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். இதுதான் புதிய கருப்பர் நகரம். 1767இல் மைசூர்க் குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வந்து வெள்ளைக்காரர்களின் தோட்டவீடுகளைச் சூறையாடியது. 1769 மார்ச்சில் ஐதர் அலியே பரங்கிமலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். கம்பெனி வேறு வழியில்லாமல் ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது. பரங்கிமலை எங்கள் தாம்பரத்திலிருந்து ஏழாவது ஸ்டேஷன். அந்தச் சுவர் எந்தப் பயத்தில் எழுந்ததோ அந்தப் பயம் எங்கள் பக்கத்திலிருந்து போனது என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் உண்டு.

ஐதர் போன பிறகு கருப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் சுவர் எழும்பியது. கிழக்கே கடல். தெற்கே? தெற்கே சுவர் இல்லை. அங்கேதான் கோட்டை இருந்தது, கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே அந்த வெட்டவெளி இருந்தது. இதற்கு மேல் யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. இந்த வரைபடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வெளியே இருந்து வரும் எதிரிக்குச் சுவர் உண்டு. உள்ளே இருக்கும் எஜமானனின் பீரங்கிக்கு மட்டும் சுவர் இல்லை. பாதுகாப்பு என்ற சொல்லாடல் எப்போதும் இப்படித்தான் வேலை செய்கிறது. அது மூன்று பக்கத்தைக் காட்டிப் பேசும், நாலாவது பக்கத்தைப் பற்றி வாயைத் திறக்காது.

கட்டியவர் பால் பென்ஃபீல்டு. கம்பெனியில் இன்ஜினியராக வந்து கான்டிராக்டராக மாறியவர், ஆற்காட்டு நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர். அந்தக் கடனுக்கு ஈடாகத் தஞ்சாவூரின் விளைச்சல் வருமானத்தின்மேல் தனக்குப் பாத்தியதை உண்டென்று அவர் கிளப்பிய உரிமைக்கோரல்தான் 1776இல் கவர்னர் பிகட்டின் கைதுவரை கொண்டுபோய்விட்டது. பிகட் காவலிலேயே 1777இல் செத்தார். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் நவாபின் கடன்களைப் பற்றிப் பேசியபோது பென்ஃபீல்டைக் கிழித்துத் தொங்கவிட்டார். கடைசியில் அந்த மனிதர் 1810இல் பாரிஸில் கையில் காசில்லாமல் போய்ச்சேர்ந்தார். ஆகவே யானைக்கவுனியின் செங்கல்லில் காவிரிப் படுகையின் நெல்லும் ஒட்டியிருக்கிறது என்று சொன்னால் அது வெறும் உருவகம் இல்லை. சுவர்க் கான்டிராக்டும் வட்டிக் கடையும் ஒரே ஆளுடைய ஒரே தொழில்.

சுவருக்கான செலவை ஊர்க்காரர்களிடமே வரியாகப் பிடுங்கலாம் என்று கம்பெனி கணக்குப் போட்டது. அந்த வரி வசூலானதே இல்லை என்றுதான் சென்னை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஆனால் ரோட்டுக்கு மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டது: வால்டாக்ஸ் ரோடு. கட்டாத வரிக்கு ஒரு தெரு! பிற்பாடு அதற்கு வ.உ.சி. பெயரை வைத்தார்கள். போர்டில் வ.உ.சி., பார்சல் லாரிக்காரர் வாயில் வால்டாக்ஸ். வரி கொடுக்க மறுத்த ஜனங்களின் ஞாபகமும் கப்பலோட்டியவரின் ஞாபகமும் ஒன்றையொன்று ஜெயிக்காமல் ஒரே ரோட்டில் கிடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி வாசல்கள். வடக்குச் சுவரில் திருவொற்றியூர் வாசல், எண்ணூர் வாசல், படகுக்காரர் வாசல் என்று சில. மேற்குச் சுவரில் மூன்று. ஒன்று யானை வாசல். இன்னொன்று ஆஸ்பத்திரி வாசல், 1772இல் இன்றைய இடத்துக்கு வந்த ஜெனரல் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். மூன்றாவதை ஆங்கிலப் பதிவுகள் 'சக்லர்ஸ் கேட்' என்று எழுதுகின்றன. சக்கிலியர் வாசல்.

யானை வாசலின் பெயர் நின்றுவிட்டது. போலீஸ் ஸ்டேஷன், பாலம், ரோடு எல்லாம் அந்தப் பெயரில். ஆஸ்பத்திரி வாசல் போய்விட்டாலும் ஆஸ்பத்திரி நிற்கிறது. சக்கிலியர் வாசலைப் பற்றி அந்தப் பக்கம் நான் விசாரித்த பத்துப் பதினைந்து பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. பாரம்பரியம் பேசுகிற நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவாக நடத்திச் செல்லும் நகர உலாவில் ஒருமுறை நானும் போனேன். மாடிப் பூங்கா வரை அழைத்துப்போய்ச் சுவரின் மிச்சத்தைக் காட்டினார்கள். யானையைப் பற்றி மட்டும் மூன்று கதை சொன்னார்கள். யானை நுழையுமளவு பெரிய வாசலாம். கோயில் யானை போன வழியாம். யானை கட்டிவைத்த இடமாம். மூன்றும் இருக்கட்டும். வாசல் பட்டியலைச் சொல்லும்போது மேற்குச் சுவரின் அந்த மூன்றாவது பெயரை உலா நடத்தியவர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக் கடந்து போனார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நாகரிகம் கருதித்தான். அந்த நாகரிகத்தைத்தான் நான் இங்கே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

கவுனி என்பது தெலுங்குப் பக்கத்துச் சொல், கோட்டை வாயில் என்று அர்த்தம். (கவுனி அரிசியை இதோடு குழப்பிக்கொண்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அது வேறு பஞ்சாயத்து.) கருப்பர் நகரத்தில் தெலுங்கு பேசியவர்கள் ஏராளம். வியாபாரிகள், துபாஷிகள் மட்டும் அல்ல, தோல் வேலை செய்தவர்களும்கூட. தமிழ்நாட்டு அருந்ததியரில் பெரும்பகுதியினரின் வீட்டு மொழி இன்றுவரை தெலுங்கோ கன்னடமோதான். ஆக வாசலுக்கு மக்கள் இட்ட சொல்லும், அந்த வாசல் வழியாகப் போய்வந்த தொழிலாளியின் சொல்லும் ஒரே மொழிக் கிடங்கிலிருந்து வந்தவை. சொல் தங்கியது, அதைப் பேசியவன் தங்கவில்லை.

எம்.ஏ. வகுப்பில் நெடுநல்வாடை நடந்தது நினைவுக்கு வருகிறது. அதில் அரண்மனை வாயிலின் வர்ணனை பேர்போனது. வெற்றிக்கொடி ஏந்திய யானை குனியாமல் நுழையுமளவு உயரம், மலையைக் குடைந்தது போன்ற அமைப்பு, நிலையில் நெய்யும் வெண்சிறுகடுகும் அப்பியிருக்கும். பேராசிரியர் உருகி உருகி நடத்தினார். உடன் படித்த ஒருத்தி எழுந்து, "அந்த நெய்யைத் தினமும் யார் சார் அப்பினாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போய்விட்டார். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை, எல்லாக் கல்லூரியிலும் இதுதான் நடந்திருக்கும். வாசலை யானையின் உயரத்தில் இருந்து அளப்பது நமது இலக்கியப் பழக்கம். அதற்கு ஈராயிரம் வருஷத்துப் பாரம்பரியம் இருக்கிறது. கருப்பர் நகரத்தின் மற்ற வாசல்களை மறந்து யானையை மட்டும் நாம் பிடித்துக்கொண்டது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பாரம்பரியம் ஒற்றைக் குரல் அல்ல. சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு வந்ததும் முதலில் தங்குவது மதிலுக்கு வெளியே, புறஞ்சேரியில். ஊர்காண் காதையில் கோவலன் நகரத்துக்குள் நுழைகிறபோது வாயிலில் வாளோடு காவல் நிற்பவர்கள் யவனர்கள். மேற்கே இருந்து வந்த கூலிக் காவலாளி நம் ஊர் வாசலில் நின்றிருக்கிறான். ரோமாபுரி வாசலைப் பார்த்து ஏங்கிய நம் தோழருக்கு இதைச் சொன்னேன், ரசித்தார். அந்த யவனருக்குச் சந்தேகம் வராதபடி கோவலன் உள்ளே போய்விடுகிறான். அவனைக் கொல்லப்போகிற ஆபத்து வாசலில் இல்லை, உள்ளே அரண்மனைப் பொற்கொல்லனிடம் இருக்கிறது. மதுரைக் காண்டத்தின் முடிவில் கண்ணகி மதுரையை விட்டுப் போகும்போது தன் கதையை இரண்டே வாசலில் சொல்லி முடித்துவிடுகிறாள். கிழக்கு வாசலில் புருஷனோடு வந்தேன், மேற்கு வாசலில் ஒன்றுமில்லாதவளாகப் போகிறேன் என்கிற பொருளில். எவ்வளவு உயரம், எத்தனை யானை என்பது அவள் கணக்கில் இல்லை. யாரோடு வந்தேன், யார் இல்லாமல் போகிறேன் என்பது மட்டும்தான். தமிழில் ஒரு நகர வாசலைக் கீழே இருந்து வாசித்த முதல் ஆள் அவள்தான் என்று தோன்றுகிறது.

இந்த இடத்தில் ரோமுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். புளூட்டார்க் ரோமானியர்களின் வழக்கங்களைப் பற்றிக் கேள்வி-பதிலாக எழுதிய நூலில் ஒரு கேள்வி வருகிறது: நகரச் சுவர் முழுவதையும் புனிதம் என்று வைத்திருக்கிறார்களே, வாசல்களை மட்டும் ஏன் அப்படி வைக்கவில்லை? அவர் சொல்லும் விளக்கம் எளிமையானது. சுவரெல்லாம் புனிதம், அதைத் தாண்டிக் குதித்த தம்பி ரெமுஸைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் வாசலையும் புனிதமாக்கிவிட்டால் பிணம் எப்படி வெளியே போகும்? அழுக்கும் தேவையான சாமானும் எப்படிப் போய்வரும்? அதனால்தான் ஊர் எல்லையை ஏர் பூட்டி உழுது குறிக்கும்போது வாசல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஏரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். வாசல் என்பது உழாமல் விட்ட இடம். புனிதம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமென்றே விட்டுவைத்த ஒரு பொத்தல்.

இது சாதிச் சமூகத்துக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ரோமானியன் தீட்டை வாசலில் வைத்தான். நாம் தீட்டை ஆளின்மேல் வைத்தோம். ரோமில் பிணம் தூக்கியவனையும் தோல் பதனிட்டவனையும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே அடிமை முறை இருந்தது, அந்தத் தொழில்கள் மட்டமாகத்தான் மதிக்கப்பட்டன. ஆனால் அவன் பேரனுக்கு அந்த மட்டம் ரத்தத்தில் எழுதப்படவில்லை. இங்கே செத்த மாட்டைத் தூக்கிப்போனவன், அதன் தோலை உரித்துச் செருப்பும், கவலை இறைக்கிற சாலும், பறையும் செய்து கொடுத்தவன், அவனேதான் தீட்டு நுழைகிற பொத்தல் என்று ஆக்கப்பட்டான். ஊருக்கு அவன் வேண்டும். உள்ளே அவன் கூடாது. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் 'சக்கிலியர் வாசல்' என்ற பெயரே பிறக்கும்.

தோழர் பார்த்த ரோம் வாசல் போர்ட்டா மஜ்ஜோரே. கி.பி. 52இல் கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் இரண்டு நீர்க்கால்வாய்களை ரோட்டுக்கு மேலே தூக்கிக்கொண்டுபோகக் கட்டிய வளைவுகள் அவை. 271க்குப் பிறகு அவுரேலியன் ஊரைச் சுற்றிச் சுவர் எழுப்பியபோது அந்த வளைவுகளையே வாசலாகச் சேர்த்துக்கொண்டான். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனோரியஸ் காலத்தில் வாசலின் முன்னால் காவல் கோபுரம் கட்டினார்கள். 1838இல் போப் பதினாறாம் கிரிகோரி அந்தக் கோபுரத்தை இடிக்கச் சொன்னபோது அதன் வயிற்றுக்குள் இருந்து ஒரு சமாதி வெளியே வந்தது. யூரிசாசிஸ் என்கிற ரொட்டி சுடுபவனுடையது. கிளாடியஸுக்கும் முந்தியது. சமாதியின் உடம்பெல்லாம் மாவு பிசைகிற தொட்டி போன்ற வட்டத் துளைகள். மேலே வரிசையாகச் சிற்பம்: தானியம் அளக்கிறார்கள், அரைக்கிறார்கள், பிசைகிறார்கள், அடுப்பில் வைக்கிறார்கள், நிறுத்துக் கொடுக்கிறார்கள். அவன் பெயர் கிரேக்கப் பெயர், அநேகமாக அடிமையாக இருந்து விடுதலை பெற்றவன். நம் தோழர் இதைச் சொல்லும்போது கண் கலங்கினார், ஒரு தொழிலாளியின் சமாதி என்று. நான் குறுக்கே புகுந்து, கல்வெட்டிலேயே அவன் தன்னைக் கான்டிராக்டர் என்றும் சொல்லிக்கொள்கிறான் என்று கெடுத்துவிட்டேன். மாவு பிசைகிற உருவங்களுக்குப் பெயர் இல்லை. கான்டிராக்டருக்குத்தான் பெயர் இருக்கிறது. அந்த வகையில் பென்ஃபீல்டும் அவனும் பங்காளிகள்.

இருந்தாலும் அங்கே ஒன்று நடந்திருக்கிறது. சுவர் ஒரு வேலையின் ஞாபகத்தை விழுங்கி ஆயிரத்து நானூறு வருஷம் வயிற்றில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்திருக்கிறது. கருப்பர் நகரத்துச் சுவர் அப்படி எதையும் கொடுக்கவில்லை. சக்கிலியர் வாசலை எவ்வளவு தோண்டினாலும் செருப்புத் தைக்கிற ஊசியின் சிற்பம் கிடைக்கப்போவதில்லை. ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்த ஒரு கொச்சைச் சொல்தான் ஒரே சமாதி. அதையும் நாம் நாகரிகம் கருதி வேகமாகப் படித்துவிட்டுப் போகிறோம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும், அருந்ததிய நண்பர் ஒருவரே சொன்னார். "அந்தப் பேரை எங்களைத் திட்டத்தானே யூஸ் பண்றாங்க. அது செத்துப்போனதே நல்லதுதான். போர்டுல எழுதி மாட்டச் சொல்றீங்களா?" நான் போர்டு மாட்டச் சொல்லவில்லை. வசவாகிப்போன பெயரைத் திருப்பி எடுப்பதா, உதறுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள், நானோ இந்தப் பத்திரிகையோ அல்ல. நான் கேட்பது வேறு. அந்தப் பெயர் போன விதம் என்ன? அவமானம் நீங்கியதால் போயிருந்தால் கொண்டாடலாம். வசவு அப்படியே இருக்கிறது, வாசல் மட்டும்தானே போயிருக்கிறது? தெருச் சண்டையில் அந்தச் சொல் இன்றும் காதில் விழுகிறது. நகர வரலாற்றில்தான் அது நாசூக்காகக் காணாமல் போகிறது. இழிவைத் தக்கவைத்துக்கொண்டு உழைப்பின் தடயத்தை மட்டும் துடைத்தெடுக்கிற ஞாபகம் இது.

எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். என் தாத்தா பல்லாவரத்தில் ஒரு தோல்ஷாப்பில் வேலை செய்தவர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து மயிரும் சதையும் சீவுவது அவர் வேலை. கடைசிவரை கையில் அந்த நாற்றம் போகவில்லை என்று ஆயா சொல்வார், கோபமாக இல்லை, ஏதோ அடையாளம் சொல்கிற மாதிரி. யாராவது எங்கே வேலை என்று கேட்டால் தாத்தா "தோல்ல" என்று சொல்லமாட்டாராம். "குரோம்ல" என்பாராம். இங்கிலீஷ் வேதிப்பொருளின் பெயர் அவருக்கு ஒரு சட்டை.

குரோம்பேட்டை என்ற ஊரே அந்தச் சட்டையைத்தான் போட்டிருக்கிறது. சேம்பர்ஸ் என்கிற வெள்ளைக்காரர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே நிறுவிய குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது. அதற்கு முன்னால் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்காக ஊற வேண்டும். எப்போது திருப்ப வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பது பரம்பரையாக வேலை செய்தவர்களின் கையில் இருந்த அறிவு. சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் நடத்திய சோதனைகளுக்குப் பிறகு குரோமிய உப்பு வந்தது. வாரங்களில் முடிந்த வேலை நாள் கணக்குக்குச் சுருங்கியது. ஊருக்குப் பெயர் வைக்கும் முறை வந்தபோது உப்புக்குப் பெயர் கிடைத்தது. உப்பில் கையை விட்டவனுக்குக் கிடைக்கவில்லை. டி. செல்வராஜ் 'தோல்' நாவலை எழுதி 2012இல் சாகித்திய அகாதமி விருது வாங்கியபோதுதான் திண்டுக்கல் தோல்ஷாப்புகளின் வாழ்க்கை இலக்கியத்தின் முன்வாசல் வழியாக உள்ளே வந்தது. பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் அப்படி ஒரு நாவல் இன்னும் கடன்.

இப்போது தாம்பரத்தில் ரயில் ஏறி உட்காருங்கள். முதல் ஸ்டேஷன் சானடோரியம். 1928இல் டாக்டர் சவுரி முத்து காசநோய்க்காரர்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனையால் வந்த பெயர். இரண்டாவது குரோம்பேட்டை. கருப்பர் நகரத்து மேற்குச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி வாசலும் சக்கிலியர் வாசலும் எங்கள் லைனில் அடுத்தடுத்த ஸ்டேஷன்களாக முளைத்து நிற்கின்றன. யானை? சென்ட்ரலை ஒட்டி, யானைக்கவுனிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையை 1985இல் வண்டலூருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து தெற்கே இரண்டாவது ஸ்டேஷன். தற்செயல் என்பீர்கள். இருக்கலாம். ஆனால் நகரம் தனக்கு வேண்டும் ஆனால் பக்கத்தில் வேண்டாம் என்று நினைப்பதை, சீக்கை, தோலை, மிருகத்தை, தள்ளிவைக்கிற திசை ஒன்று இருக்கிறது. சுவர் இடிந்த பிறகும் அந்தத் திசை இடியவில்லை. நாங்கள் அந்தத் திசையில் குடியிருக்கிறோம். தோல்ஷாப் கழிவு இறங்கிய நிலத்தடி நீரையும் இந்தப் பக்கத்து ஜனங்கள்தான் குடித்தார்கள். தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது என் தாத்தா இல்லை.

சரி, சுவர் விஷயத்துக்கே வருகிறேன், ஏனென்றால் சுவர் பழங்கதை அல்ல. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய தீண்டாமைச் சுவரில் 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஒரு பகுதியை இடித்து வழிவிட்டது. சுமார் 15 அடி. அதுவும் ஒரு கவுனிதான். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் சரிந்து பக்கத்து அருந்ததியர் வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சுவர் எதற்கு என்று அங்கிருந்தவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள். 1769இல் சுவர் கட்டியவனுக்குத் தோல்காரன் தேவைப்பட்டான், அதனால் அவன் பெயரில் ஒரு வாசலாவது விட்டான். நடூர்ச் சுவரில் வாசலும் இல்லை. செருப்பு இப்போது கடையில் கிடைக்கிறதே.

நான் 2009இன் உள்ஒதுக்கீட்டையோ, 2024 ஆகஸ்டில் அதுபோன்ற உட்பிரிவுகளுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த அங்கீகாரத்தையோ குறைத்துப் பேசவில்லை. மூன்று சதவீதமும் ஒரு வாசல்தான், போராடித் திறந்தது. நகர வரலாறு எழுதுகிற நண்பர்களிடம் எனக்கு இருப்பது சின்ன வழக்கு. யானையின் உயரத்தை அளந்தது போதும். மேற்குச் சுவரின் மூன்று வாசலையும் சேர்த்து, அதே வேகத்தில், தமிழில் சொல்லுங்கள். சொல்லும்போது குரல் தடுமாறினால் தடுமாறட்டும்.

இதை எழுதுவதற்காகப் போன மாதம் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலைத் தாண்டி, வால்டாக்ஸ் ரோடு வழியே வடக்கே நடந்தேன். லாரிகளுக்கும் பார்சல் மூட்டைகளுக்கும் நடுவில் நடப்பதே பெரும்பாடு. யானைக்கவுனிப் பாலம் வருவதற்குச் சற்று முன்னால் சுவரோரம் ஒரு பெரியவர் குடையை விரித்துக் கட்டிக்கொண்டு செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். என் செருப்பின் வார் விட்டிருந்தது, நிஜமாகவே. தைக்கக் கொடுத்துவிட்டு, "பெரியவரே, இங்க யானைக்கவுனி தவிர இன்னொரு கவுனியும் இருந்துச்சாம், தெரியுமா?" என்று கேட்டேன்.

"எந்தக் கவுனி?"

சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். என் குரலும் தடுமாறத்தான் செய்தது. அவர் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார். ஊசியை மெழுகில் இழுத்துக்கொண்டார்.

"அது எதுக்கு உனக்கு?"

"எழுதறேங்க."

"எழுது, எழுது. முப்பது வருஷமா இங்கதான் குந்திக்கினு கீறேன். கார்ப்பரேசன்காரன் வந்தா எழுப்பி விட்ருவான், போனா மறுபடி வந்து குந்திக்குவேன். கவுனி இருந்தா என்னா, இல்லாட்டி என்னா." வாரை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "இருபது ரூபா குடு. அந்தக் காலும் தேஞ்சு போயிருக்குது பாரு, சேத்துத் தெச்சுடட்டா?"

தைக்கச் சொன்னேன்.